கிழக்கே திரும்பிய குழாய்

பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ, எதுவானாலும் மைக்செட் சென்றாயனுடையதுதான். ஊரிடம் வாய் இனிக்கப் பேசுவான். வீட்டில் மட்டும் அவனுக்குக் கைதான் பேசும். எண்பத்தாறில் ஒரு நாள் அவன் அறைந்த அறையில் மனைவி ரங்கம்மாளின் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. அதன்பின் அந்தக் காது கேட்கவில்லை. அவள் கீழத்தெருவில் இருந்த அண்ணன் ராஜப்பன் வீட்டுக்கு வந்து, போலீசிலும் எழுதிக் கொடுத்தாள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்கு இவ்வளவு துணிச்சல் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

வழக்கு முடியும்வரை மனைவியைப் பார்க்கவோ பேசவோ கூடாது, அவள் இருக்கும் தெருவில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் கோர்ட்டு சென்றாயனை ஜாமீனில் விட்டது. அவன் கால் வைக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவன்று கோயில் வேப்பமரத்தில் ஏறி, மைக்செட் குழாயைக் கிழக்கே, கீழத்தெருப் பக்கமாகத் திருப்பிக் கட்டினான்.

“அடுத்த பாட்டு, புளி மண்டியில வேலை செய்யற என் சம்சாரம் ரங்கம்மாளுக்காக!”

ஊர் சொக்கிப் போனது. பாட்டு முடிந்ததும் மறுபடி அவன் குரல்.

“ரங்கம்மா, இன்னிக்குக் கட்டியிருக்கிற பச்சச் சேல உனக்கு நல்லா இருக்குது.”

கீழத்தெரு மண்டியில் புளி தட்டிக்கொண்டிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ரங்கம்மாளின் கையிலிருந்த சுத்தி நழுவியது. அந்தச் சேலையை அவள் அன்று காலையில்தான் முதன்முதலாகக் கட்டியிருந்தாள். எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

“உன் தெருவுக்கு வந்தானா?” என்றார் ஏட்டு.

“இல்லீங்க. மைக்குல பேசறானுங்க.”

“பொண்டாட்டிக்குப் பாட்டுப் போட்டவனப் புடிச்சு உள்ள வெச்சா ஊரு என்னப் பாத்து சிரிக்கும். போம்மா.”

அதன்பிறகு ஊரில் விசேஷம் என்றாலே இதே கூத்து. கதவைச் சாத்தினாலும் குரல் உள்ளே வந்தது. அவள் நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு படுத்துக் கிடப்பாள். கல்நெஞ்சுக்காரி என்று மண்டியில் பேசிக்கொண்டார்கள். அடி வாங்கியவளுக்குக் கிடைத்த பட்டம் இது! நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனாலும் அவள் அசையவில்லை. அண்ணன்தான் அசைந்தான். ராஜப்பன் மகளின் சடங்குக்குச் சென்றாயன் ஆளை அனுப்பி, சீரியல் லைட்டோடு இலவசமாகச் செட்டுப் போட்டுக் கொடுத்தான். வந்த உறவெல்லாம் இப்படி ஒரு மச்சானா என்று வாயைப் பிளந்தது. பந்தல் பிரிக்கும் முன்பே ராஜப்பன் தங்கையிடம் வந்தான்.

“இன்னும் என்னம்மா வேணும் உனக்கு? ஊரே கேக்கற மாதிரி உன் பேரச் சொல்றான்.”

“ஊரு கேக்கறப்ப சொல்றான், அண்ணா. யாரும் கேக்காதப்ப என்ன பண்ணுவான்னு எனக்குத்தான் தெரியும்.”

“என் வூட்ல இனி எடமில்ல, ரங்கா.”

கால் தவறி விழுந்ததில் காதில் அடிபட்டது என்று அவள் கோர்ட்டில் சொன்னாள். வழக்கு முடிந்தது. அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள்.

அதன்பிறகு சென்றாயன் வீட்டில் சாயங்காலமானால் பாட்டுதான். தெருவே அதிரும். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் பார் என்றார்கள் அக்கம்பக்கத்தார். பாட்டை மீறி வேறு ஏதாவது சத்தம் வருகிறதா என்று யாரும் காது கொடுக்கவில்லை.

பொங்கல் சீரோடு ராஜப்பன் போனான். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரங்கம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “ரங்கா!” என்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

“பாட்டுச் சத்தத்துல கேக்கலீங்க, மச்சான்,” என்று சிரித்தபடி சென்றாயன் எழுந்துபோய்ச் செட்டை நிறுத்தினான்.

ராஜப்பன் மறுபடி கூப்பிட்டான். கிட்டே போய், இன்னும் உரக்கக் கூப்பிட்டான். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே இருந்தாள்.