பாதிப் போத்தலும் இரண்டு கயிறும்

பிள்ளைகளே, அலுமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் பாதிப் போத்தலை எறிந்துவிடலாமா என்று போன கிழமை கேட்டீர்கள். சோடாப் போத்தலின் அடியையும் கழுத்தையும் வெட்டி, நீளவாக்கில் பிளந்து, ஓரத்தில் துணி வைத்துத் தைத்து, இருபுறமும் கயிறு கட்டிய சாமான் அது. உங்கள் பெரிய மாமாவுடையது.

உங்கள் அம்மாவின் அண்ணன் அவர். அம்மாவுக்கு அப்பா இல்லாததால், எங்கள் கல்யாணத்தில் என் காலைத் தாம்பாளத்தில் வைத்து, பாலும் தண்ணீரும் ஊற்றிக் கழுவியவர் அவர்தான். இரத்தோட்டையில் ஒரு கடையில் காவல் வேலை செய்தார். மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பில் ஒப்பரேஷன் செய்த பிறகு, குனியவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தனியாள் என்பதால் எங்களோடு வந்து தங்கினார். வேலைக்குச் சப்பாத்தும், அதற்குள் போடும் காலுறையான மேஸும் கட்டாயம். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் எடுப்போம் என்று முதலாளி சொல்லியனுப்பினார். காற்சட்டையைக் கொக்கித் தடியால் இழுத்துப் போடப் பழகிவிட்டார். சப்பாத்தும் மூங்கில் பட்டை வைத்தால் ஏறிவிடும். மேஸ்தான் வழிக்கு வரவில்லை. அம்மா விடியுமுன் கார்மென்ட் ஃபெக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் நான் மட்டும். போட்டுவிட முட்டி போட்டால் காலை இழுத்துக்கொள்வார்.

“வேணாம் மாப்புள. நான் கழுவுன காலு உங்களோடது. நீங்க என் காலத் தொட்டா, அன்னைக்கு நான் செஞ்சது என்னாத்துக்கு?”

“வேல போயிரும் மச்சான்.”

“போனாப் போகட்டும்.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் பஸ் ரோட்டில்தான் இருந்தது.

கிளினிக்கில் உடற்பயிற்சி சொல்லித்தரும் மிஸ், குனியாமல் மேஸ் போட இப்படியொரு சாமானைக் காட்டியிருந்தார். அதை நினைவில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை நானே செய்தேன். கயிறு மட்டும் நீளம் போதாமல் கட்டையாகிவிட்டது.

“இந்தக் கயித்தப் புடிக்கவே குனியணுமே மாப்புள! அதுக்கு மேஸையே போட்டுட்டு எந்திரிச்சிருவேனே!” என்று சிரித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை. அம்மாவே புதுக் கயிறு கட்டினார், முழங்காலுக்கு மேலே எட்டும்படி.

மறுநாள் காலை, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் வைத்தே மேஸைப் போத்தலில் மாட்டி, கயிற்றைப் பிடித்தபடி கீழே விட்டார். விரல்களை நுழைத்து, இரண்டு கயிற்றையும் இழுத்தார். போத்தல் குதிகால் பக்கமாக வெளியே வந்தது. மேஸ் காலிலேயே நின்றது.

“ஏறிருச்சு மாப்புள!”

அன்றைக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகும் பல வருடம் பிடித்தார்.

மாமா இறந்தபோது, பிரேதத்தை ஆயத்தம் செய்யும் மலர்ச்சாலையில் அவருக்கு உடுப்பு மாட்டியவரிடம், மேஸை மட்டும் நான் போடுகிறேன் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார். காலை இழுத்துக்கொள்ள இனி யாரும் இல்லை. ஆனாலும் கை போகவில்லை. பையிலிருந்து போத்தலை எடுத்தேன். குதிகாலில் சிக்கியது. அவசரப்படாமல் கயிற்றை இழுத்தேன். இரண்டு மேஸும் ஏறின. என் விரல் அவர் காலில் படவில்லை.

வீட்டுக்கு வந்து போத்தலைக் கழுவி, துடைத்து, கயிறு இரண்டையும் சுருட்டி, அந்த ஆணியில் மாட்டினேன்.