மடியில் ஒட்டிய நாய்

நான் சொல்வது சத்தியமாக நடந்தது. சந்தேகமிருந்தாலும் என் அத்தானிடம் மட்டும் விசாரிக்காதீர்கள். அந்த மனிதர் வாயிலிருந்து உண்மை வந்து நான் கேட்டதில்லை.

பழைய விளம்பர அட்டைகள் விற்கும் கடை அவருடையது. ஒரு காலத்தில் சோப்பும் நூல்கண்டும் வாங்கியவர்களுக்குச் சும்மா கொடுத்தவை. எதை எடுத்தாலும் ஒரு பெண், மடியில் ஒரு பிராணி. சோப்புக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தமோ! அதற்கும் பல்லை இளித்துக்கொண்டு வாங்க வருகிறார்கள். ஆல்பத்தில் ஒட்டியிருப்பவற்றைத் தண்ணீரில் ஊறவைத்து உரிப்பது என் வேலை.

அன்று வந்த ஆல்பத்தில் பெண்கள் இருந்தார்கள். மடியில் இருந்ததை மட்டும் யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள். ஊறவைத்தபோது ஓர் அட்டைக்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருந்தது. அதில் பெண்ணின் முகத்தைப் பூச்சி அரித்திருந்தது. அவள் மடியில் ஒரு வெள்ளை நாய்.

"அந்த நாயை வெட்டி நல்ல அட்டையில ஒட்டிடு மச்சான். எவனுக்குத் தெரியப்போகுது?" என்றார் அத்தான்.

மகா மேதை! ஒட்டினேன். நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. கனமான இரண்டு புத்தகங்களுக்கு நடுவே காயவைத்தேன்.

பிற்பகல் 3.10. எடுத்துப் பார்த்தேன். மடிமேல் இருந்த அவள் கை இப்போது மார்போடு ஒடுங்கியிருந்தது. ஈரத்தில் சுருங்கியிருக்கும் என்று நினைத்து மறுபடி வைத்தேன்.

3.25. அவள் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

3.40. புத்தகங்களுக்கு நடுவிலிருந்து... கர்ர்ர்...

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள். அவள் முகத்துக்காகத்தான் அந்தக் கடையில் குப்பை கொட்டினேன்.

"காஞ்சிடுச்சாடா?"

"தொடாதக்கா!"

தொட்டுவிட்டாள்.

"ஸ்ஸ்..."

விரலில் இரண்டு துளைகள். ரத்தம்.

"அட்டையில கறை படாம பாரு" என்றார் அத்தான். பெண்டாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூ!

அட்டையைத் தொட்டித் தண்ணீரில் வீசினேன்.

பசை விட்டது.

பெண் மிதந்தாள்.

நாயைக் காணோம்...

ஆல்பத்தை விற்றவர் வெளியூரில் இருந்தார். இன்று காலைதான் போனில் கிடைத்தார்.

"நாயா? எங்க பெரியத்தை எல்லாத்தையும் வெட்டி எரிச்சாங்களே! ஒண்ணு தப்பிடுச்சா?"

"ஏன் எரிச்சாங்க?"

"அவங்க தங்கச்சி செத்தது அதாலதான். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ரூம். கழுத்தெல்லாம் பல் தடம். எங்க வீட்ல நாயே வளர்த்ததில்ல சார்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"முதல்ல விரல்லதான் கடிச்சுதாம். ஒன்பதாம் நாள்தான்..."

அக்காவுக்கு இன்று எட்டாம் நாள்.