மாமாவுக்கென்று வைத்திருந்த கல்

புதிய வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்று, பழைய வேட்டித் துணியில் சுற்றியபடி, எங்கள் கொரட்டூர் வீட்டுப் பரணில் வெகுநாள் அடுப்பேறாமல் இருந்தது. அது அக்காவுடையது. அக்கா என்றால் உடன்பிறந்தவள் அல்ல, என் கணவருடைய அண்ணன் மனைவி. பிள்ளையில்லாதவள். அவள் கணவரை நான் மாமா என்பேன். மாமா ரங்கூனுக்கு வேலைக்காகக் கப்பல் ஏறுமுன் அதைப் பட்டணத்தில் வாங்கிக் கொடுத்து, "நான் வந்ததும் மொத அடை எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது பழக்கிய கல்லையே கடையில் விற்கிறார்கள். அக்காவோ கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, நாட்கணக்கில் பழக்கினாள். அப்புறம் துருப்பிடிக்காமல் இருக்க வெள்ளிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தடவி வைப்பாள். ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி வந்தது. மாமாவின் கடிதங்கள் நின்றன. அக்கா அழவில்லை. எண்ணெய் தடவுவது மட்டும் வெள்ளியோடு செவ்வாயும் ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் நான் நான்கு மாதம் முழுகாமல் இருந்தேன். கஞ்சிகூட வயிற்றில் தங்காது. எழுந்து நின்றால் கண் இருட்டும். ஒருநாள் காலையில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, "உனுக்கு இன்னாதான் துன்னத் தோணுது? வாயத் தொறந்து சொல்லு" என்றாள். கெண்டை மீன் வறுவல் என்றேன். என் கணவர் ஏரிக்கு ஓடிப்போய் வாங்கி வந்தார். மசாலா தடவி ஊறவைத்த பிறகு அடுப்பில் ஏற்றிய மண்சட்டி, எண்ணெய் ஊற்றுமுன்பே இரண்டாகப் பிளந்தது. அக்கா ஓடுகளை அடுப்பிலிருந்து எடுத்து ஒதுக்கினாள். பிறகு பரணுக்குக் கையை நீட்டினாள்.

"வாணாம்க்கா, அது மாமாவுக்குன்னு வெச்சிக்கிற கல்லு!"

"அவரு வந்தா அடை சுட்டுக்கலாம். வவுத்துல கீற புள்ள அதுவரிக்கும் தாங்குமா?"

முதல் மீன் ஒட்டிப் பிய்ந்தது. சுரண்டி எடுத்த அந்த முறுகலைத்தான் முதலில் தின்றேன். நான்கு மீன் தின்றேன்; நான்கும் தங்கின. பிற்பகல் கிணற்றடிக்குப் போனபோது, அக்கா புளியும் சாம்பலும் போட்டுக் கல்லைத் தேய்ப்பதும், முகர்ந்து பார்ப்பதும், மறுபடி தேய்ப்பதுமாக இருந்தாள். நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன். மாமா வராமலே போய்விட்டால், அவருக்கென்று வைத்ததைத் தின்றவள் நான் என்ற எண்ணம் பிரசவம் வரை என்னை விடவில்லை.

என் மகள் பிறந்து மூன்றாம் மாதம் மாமா வந்தார். காடும் மலையும் நடந்தே கடந்து, வழியில் காய்ச்சலில் மாதக்கணக்காகக் கிடந்து, எலும்பும் தோலுமாக வந்தார். மறுநாள் அக்கா அந்தக் கல்லில் முருங்கைக்கீரை போட்டு அடை சுட்டாள். முதல் விள்ளலை வாயில் வைத்தவர் நிமிர்ந்தார்.

"இன்னாடி, அடைல மீன் வாட அடிக்குது?"

அக்கா என் மடியிலிருந்த குழந்தையைக் காட்டினாள். "ஒங்க தம்பி மவ ஒங்களுக்கு முந்திக்கினா."

மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து, குழந்தையை வாங்கி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். "முந்திக்கட்டுமே" என்றார்.

அத்தனை மாதமும் கலங்காத அக்கா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கல்லில் கிடந்த அடையை நான்தான் திருப்பிப் போட்டேன்.