இரண்டு பேராக ஆடிய டானிஸ்

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு சிற்றூர். அங்கே கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் வேலை பார்க்கும் டானிஸ் யாரெம்கோவுக்கு எதையும் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். லாரி அரையடி நகர்ந்து நின்றால் எடை மாறுமா என்று பார்க்கப் போய், ஓட்டுநர்களிடம் திட்டு வாங்குவாள். கர்லிங்கும் ஆடுவாள்; பனித்தளத்தில் கனத்த கல்லோடு சறுக்கிப் போய் அதைக் கைவிட்டு, தூரத்து வட்டத்தின் நடுவில் நிறுத்தும் ஆட்டம் அது. அவளுடைய அணி மாகாணத்தில் வென்று தேசியப் பெண்கள் போட்டிக்குத் தேர்வானபோது அவளுக்கு ஏழு மாதம்.

"ஆடலாமா டாக்டர்?"

"விழாம ஆடும்மா. கல்லை மட்டும் விடு. பனியைத் தேய்க்கிறதை மத்தவங்க பாத்துக்கட்டும்."

பயிற்சியில் அவள் விட்ட கற்களெல்லாம் வட்டத்தைத் தாண்டி ஓடின. கேப்டன் ரோண்டா கடுப்பாகிவிட்டாள்.

"ஏன்டி, நீ ஒருத்தி விடுறியா, இல்ல உள்ள இருக்கிறதும் சேந்து தள்ளுதா?"

டானிஸுக்குக் கோபம் வரவில்லை. காரணம் தெரிந்தாக வேண்டும். ரோண்டாவையே பனித்தளத்தில் குப்புறப் படுத்துப் பார்க்கச் சொன்னாள்.

"வயிறு முட்டியில இடிக்குது. தடுமாறாம இருக்க, கடைசில கல்லைப் பிடிச்சுத் தள்ளிடுற!"

டானிஸ் முட்டியை விரித்துச் சறுக்கிப் பார்த்தாள். கல் சொன்னபடி கேட்டது.

போட்டிக்குப் போன பிறகு வேறொன்றைக் கவனித்தாள். கல் உறுமிக்கொண்டு ஓடும்போது குழந்தை அசையாமல் கிடந்தது; கூட்டம் கத்தினால் உதைத்தது.

"இவளுக்குக் கல் சத்தம் பிடிச்சிருக்கு" என்று ரோண்டாவிடம் சொன்னாள்.

"பொண்ணுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கேட்டா டாக்டர் சொல்லிடுவாரு. அதான் கேக்கல."

நியூஃபவுண்ட்லாந்து அணியை வென்றால் அரையிறுதி. கடைசிச் சுற்று வரை சமநிலை. இரண்டு கற்களுக்கு நடுவே இருந்த சந்தில் நுழைந்து, டானிஸின் கல் வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். அவள் சறுக்கிக்கொண்டிருக்கும்போது அரங்கில் யாரோ மாட்டுமணியை ஆட்டினார்கள். விலாவுக்குக் கீழே ஓர் உதை. கை முன்கூட்டியே கல்லை விட்டுவிட்டது.

"வேகம் பத்தல! தேய்ங்க, தேய்ங்க!" என்று ரோண்டா அலறினாள்.

கல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட, தோழிகள் இருவரும் துடைப்பங்களின் மேல் உடம்பைச் சாய்த்து அதன் முன்னால் பனியைத் தேய்த்தார்கள். கல் ஊர்ந்து ஊர்ந்து அந்த இடைவெளியைக் கடந்து நடுவில் போய் நின்றது. எதிரணி என்ன செய்தும் அதை அகற்ற முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கர்லிங் வழக்கப்படி இரு அணியும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. எதிரணிக் கேப்டன் பெர்னடெட் தன் பீரைத் தொடவே இல்லை.

"உண்மையைச் சொல்லு. கொஞ்சம் வேகமா வந்திருந்தா கல் நடுவுல நிக்காம ஓடியிருக்கும். கையை ஏன் சீக்கிரம் எடுத்த? முன்னாடியே யோசிச்சு வெச்சதா?"

"உதை வாங்கினேன்."

பெர்னடெட் அவள் வயிற்றையே பார்த்தாள். "அடப்பாவி! இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள எங்களைத் தோக்கடிச்சிட்டியா?"

அரையிறுதியில் மனிடோபா அணி அவர்களைத் துவைத்து எடுத்தது. டானிஸ் வீடு திரும்பும் வழியில் காரில் கொஞ்சம் அழுதாள், பிறகு தூங்கிவிட்டாள்.

ஏப்ரலில் பெண் பிறந்தாள். வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட பெர்னடெட், இரண்டாவது வாக்கியத்திலேயே ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். "நான் கடைசிக் கல்லை இடப்பக்கமா விட்டிருந்தா?"

டானிஸ் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சமையல் மேசையில் உருளைக்கிழங்குகளை அன்றைய கற்களைப் போலவே வைத்துப் பார்த்தாள்.

"போயிருக்காது. அந்தப் பக்கம் பனி மெதுவா இருந்துச்சு."

"போயிருக்கும்!"

"இரு, இன்னொரு கிழங்கு எடுத்துட்டு வரேன்."