குடிகாரன் என்று நினைத்தார்கள்

அரிசி ஆலை இயந்திரம் ஒன்றைப் பழுதுபார்க்கச் சேலத்திலிருந்து புதுச்சேரியைச் சேர்ந்த பாகூருக்குப் போயிருந்தேன். உதிரிபாகம் வர மாலையாகும் என்றார்கள். அதுவரை ஊரைப் பார்ப்போமே என்று, சாப்பிடாமலே நடக்கத் தொடங்கினேன். காலையில் சர்க்கரை நோய் மாத்திரை மட்டும் போட்டிருந்தேன்.

ஏரிக்கரை, கரும்பு வயல் என்று நடந்ததில் ஒரு கடைப் பலகையில் புதுச்சேரி என்றிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்றில் கடலூர் மாவட்டம். திரும்பி நடந்தேன். மறுபடியும் கடலூர். எந்த மாநிலத்தில் நிற்கிறேன், எந்தப் பக்கமாக வந்தேன் என்றே புரியவில்லை. அங்கே இரண்டு மாநில ஊர்களும் துண்டு துண்டாகக் கலந்து கிடப்பதால், ஊர்தான் குழப்புகிறது என்று நினைத்தேன். கால் பின்னியது. வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

ஒரு டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆலைக்கு வழி கேட்டேன். நாக்கு குழறியது.

"இன்னா சார், மத்தியானமே ஏத்திகினியா? வெளியூரு ஆளுங்க இதுக்குனே வராங்கபா" என்று ஒருவர் சிரித்தார். பக்கத்திலிருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

டீ போட்டுக்கொண்டிருந்த அம்மா கிட்டே வந்து பார்த்தார். "வாடையே இல்லியே! எங்க வூட்டுக்காரருக்கு சுகர் எறங்கனா இப்படித்தான் உளறுவாரு. வாயத் தொற சார்" என்று சர்க்கரையை அள்ளிப் போட்டார்.

சற்று நேரத்தில் தலை தெளிந்தது. பார்த்தால், நான் தேடிய ஆலை எதிரிலேயே இருந்தது!

இப்போதெல்லாம் சாப்பிடாமல் எங்கும் நடப்பதில்லை. சட்டைப் பையில் மிட்டாயோடு ஓர் அட்டையும் இருக்கிறது: "நான் குடிக்கவில்லை. எனக்குச் சர்க்கரை நோய். இனிப்பு கொடுங்கள்."