தங்கையின் மைக்குக்குத் தைத்த உறை

என் தங்கையைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். புயலைத் துரத்திப் போகும் விஞ்ஞானிகளின் பின்னாலேயே போய் ஆவணப்படம் எடுக்கும் குழுவில் ஒலிப்பதிவு செய்கிறாள். மூன்று வருடத்தில் பதினான்கு புயல் பார்த்துவிட்டாள். நான் எட்டாம் வகுப்போடு தையல் மெஷினில் உட்கார்ந்தவள். பார்த்த புயலெல்லாம் கடை ஷட்டருக்கு உள்ளே இருந்துதான்.

சின்ன வயதில் இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டவள் அவள். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றவள் நான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

காற்று நேராக மைக்கில் மோதினால் பதிவில் வெறும் இரைச்சல்தான் விழும். அதற்காக மைக்கின்மேல் முடி அடர்ந்த துணியில் ஓர் உறை மாட்டுவார்கள். பழைய உறை கிழிந்தபோது சிட்டு என்னிடம் வந்தாள். முடி சாயும் பக்கம் பார்த்து வெட்டித் தைத்துக் கொடுத்தேன். அழகாக இருக்கட்டும் என்று உள்ளே வழவழப்பான லைனிங்கும் வைத்தேன்.

அடுத்த வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள்.

"புயல் முழுக்க யாரோ பிளாஸ்டிக் பையக் கசக்கற மாதிரியே சத்தம்க்கா."

"லைனிங்தான் உரசியிருக்கும். பிரிச்சுத் தர்றேன்."

"வேண்டாம். ரெடிமேடே வாங்கிக்கலாம்னு விஞ்ஞானியம்மா சொல்லிட்டாங்க."

"உங்க விஞ்ஞானியம்மாவுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?"

"உனக்குப் பொறாமைக்கா."

"ஆமாடி. இப்பத்தான் கண்டுபிடிச்சியா?"

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அந்த உறையும் போய்விட்டால் புயலில் எனக்கென்று ஒன்றும் இல்லை. அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கி, லைனிங்கை உருவி, உள்மடிப்பை ஒட்டக் கத்தரித்து மறுபடி தைத்தேன். மேசை மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, அதன் முன்னால் மைக்கைப் பிடிக்கச் சொன்னேன். ஹெட்போனில் கேட்டவள் உறையைப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் வந்து ஹெட்போனை என் காதில் மாட்டினாள். தகரக் கூரை பிய்ந்து போகும் சத்தம், காரின்மேல் ஆலங்கட்டி விழும் சத்தம், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. உரசல் துளியும் இல்லை. நான்கு முறை கேட்டுச் சரிபார்த்தேன். நடுவில், "இன்னும் கிட்டப் போங்க" என்று சிட்டு டிரைவரிடம் சொல்கிறாள். குரலில் நடுக்கமே இல்லை. கட்டிலடியில் கிடந்தவள்.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. உறைய மாட்டிவிட ஓர் ஆள் வேணும்னு உங்க விஞ்ஞானியம்மாகிட்ட சொல்லேன்."

"வண்டியில இடம் இல்லையேக்கா."

"உறைக்கு மட்டும் இடம் இருக்காக்கும்" என்றேன்.