மெரூன் போட்ட மறுநாள்

என் அப்பா ஜெகநாதன் ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். போன மாசியில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இறந்தார். ஐம்பத்தெட்டு வயது.

ஊரில் அவருக்கு மெரூன் ஜெகநாதன் என்று பெயர். கல்யாணப் புடவைக்கு அந்த நிறம் வேண்டுமென்றால் தறிக்காரர்கள் எங்கள் பட்டறைக்குத்தான் நூலைக் கொண்டுவருவார்கள். கொதிக்கும் அண்டாவில் தூளைக் கொட்டி, ஆசிட் விட்டு, மூங்கில் கழியில் கோத்த நூலை இறக்குவார். ஆசிட் போதுமா என்று பார்க்க விரலை நனைத்து நாக்கில் வைப்பார். புளிப்பு சரியாக இருந்தால் துப்பிவிட்டு வேலையைத் தொடர்வார். முழங்கை வரை சிவப்பு. சோறும் அந்தக் கையில்தான். தன் கல்யாணத்துக்கு மருதாணிச் செலவே இல்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

பட்டறை ஆண்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. மெரூன் போட்ட மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது சாயம் இறங்குவது. அப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்த துரை மாமா முதல் தடவை அதைப் பார்த்துப் பயந்து ஓடி வந்தாராம். அப்பா சொன்னது: “உள்ளயும் நல்லா புடிச்சிருக்குடா துரை. கலர் போவாது, கேரண்டி.”

இதெல்லாம் மகளிடம் சொல்லும் பேச்சில்லை. எனக்குத் தெரிய வந்தது கடைசியில்தான்.

நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து 2001இல் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அபாயகரமான ரசாயனங்களுக்கான தகவல் தளம் ஒன்றை வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்குத் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனி. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பெயர், பதிவெண், உடம்பில் புகும் வழி, கெடுக்கும் உறுப்பு, போட வேண்டிய பாதுகாப்பு உடை. ஆய்வறிக்கைகளைப் படித்துக் கட்டங்களை நிரப்புவது என் வேலை. பென்சிடின் என்ற ரசாயனத்திலிருந்து செய்யும் சாயங்கள் என் பங்குக்கு வந்தன. உறுப்பு: சிறுநீர்ப்பை. விளைவு: புற்றுநோய். வெளியே தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். முதல் அறிகுறி: வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம்.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். பட்டறையில் இருந்த டின் எதிலும் பெயரில்லை. சாயக்கடை சடையப்பன் பெரிய டிரம்மிலிருந்து பிரித்துக் கொடுக்கும் டின்கள். அவரிடம் போய்க் கேட்டேன்.

“இன்னா பேரு வேணும் உனக்கு? மெரூன். அதான் பேரு.”

“டிரம்முல ஒரு நம்பர் இருக்குமே அண்ணே.”

“உங்கப்பா இத்தினி வருசமா வாங்கிகினு இருக்காரு, ஒரு நாள் நம்பர் கேட்டதில்ல. நீ கம்ப்யூட்டர்லதானே வேல பாக்குற? அதுல கேளு, போ.”

கேட்டேன். எங்கள் தளத்தில் பெயரோ எண்ணோ இல்லாமல் எதையும் தேட முடியாது. நிறத்தைக் கொண்டு தேட வழியில்லை. தளத்துக்குச் சந்தா கட்டும் வெளிநாட்டுக்காரனின் டிரம்மில் எண் இருக்கும். ஆரணிக்காரன் டின்னில் எதற்கு?

கையுறை வாங்கிக் கொடுத்தேன். “இத மாட்டிகினா நூல் பதமே தெரியலம்மா” என்று அப்பா கழற்றிவிட்டார். நாக்கில் வைப்பதை மட்டும் நான் பார்க்கும்போது நிறுத்தினார்.

2005 தீபாவளிக்குப் போயிருந்தபோது அம்மா துணி துவைத்துக்கொண்டே சொன்னாள்: “மெரூன் போடாத நாள்லயும் வேட்டில கறையாவுது லதா. கேட்டா பழைய சாயம்ன்றாரு.”

மறுநாளே வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எவ்வளவு நாளாக என்று டாக்டர் கேட்டார்.

“ரெண்டு வருசமா இருக்குங்க. ஆனா அது சாயம்ங்க.”

“என்ன சாயம்?”

“மெரூன்ங்க” என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாகவே. டாக்டர் என்னைப் பார்த்தார். டின்னில் பெயர் இல்லை என்றேன்.

ஆபரேஷன் செய்தார்கள். அதற்குள் பரவிவிட்டிருந்தது. கட்டிலில் கிடந்தபடி ஒரு நாள் கேட்டார்:

“நீ எழுதுறதெல்லாம் யாரு படிப்பாங்க?”

“வெளிநாட்டு கம்பெனிக்காரங்கப்பா.”

“அவங்கல்லாம் இந்தத் தூள் போடுறாங்களா?”

“இல்லப்பா. எப்பவோ நிறுத்திட்டாங்க.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவரை எடுத்த மறுநாள் துரை மாமாவிடம் நேராகவே கேட்டேன், அவருக்கும் அப்படிப் போகிறதா என்று. கூச்சத்தில் நெளிந்தார்.

“மெரூன் போட்டா போவும் பாப்பா. எல்லாருக்குந்தான்.”

“கருமாதி வரைக்கும் பட்டறை பூட்டித்தான் கிடக்கும். வேற எங்கயும் போய் சாயம் தொடாதீங்க மாமா. சாயமா இருந்தா அதுக்குள்ள நின்னுடணும்.”

“நின்னுடும் பாரு” என்றார்.

கருமாதியன்று எல்லோரும் சாப்பிட்டுப் போகும்வரை பந்தல்காலைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் பக்கத்தில் போனதும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நிக்கல பாப்பா.”

“நாளைக்குக் காலைல வேலூர் போறோம்.”

“நாளைக்கா? பட்டறை தொறக்கறோம்னு நூலக் கொண்டாந்து போட்டுட்டாங்களே. முகூர்த்தப் புடவைங்க. ஜல்தி வேணுமாம்.”

“என்ன கலர்?”

பட்டறைச் சாவிக்காகக் கையை நீட்டினேன். மடியிலிருந்து அதை எடுத்துக் கொடுக்க அவருக்கு வெகு நேரமானது.